பெல்லட் அடுப்பு பற்றாவிட்டால் இக்னைட்டரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

கேள்வி: குளிர் தொடங்கியதும், மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் என்ற சிறு துண்டுகளை எரித்து அறையைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பைப் போட்டால் சில நாள் ஒழுங்காகப் பற்றிக்கொள்கிறது. சில நாள் தீ எரிய வேண்டிய கிண்ணம் நிறையப் பெல்லட் விழுந்து, வெறும் புகையாக நின்று, கடைசியில் பிழைக்குறி காட்டி அணைந்துவிடுகிறது. பற்றவைக்கும் இக்னைட்டர் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிப் போட்டேன், மறுபடியும் அதே கதை. வேறு எங்கே பார்ப்பது?

பதில்:

"சில நாள் பற்றுகிறது, சில நாள் பற்றவில்லை" என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. பெரும்பாலான அடுப்புகளில் இக்னைட்டர் என்பது உலோக உறைக்குள் கம்பிச்சுருள் வைத்த ஒரு ஹீட்டர் குச்சி, அவ்வளவுதான். அதன் சுருள் அறுந்தால் ஒரேயடியாகச் செத்துவிடும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை செய்யாது. புதுசு போட்ட பிறகும் இதே தொல்லை என்றால் சூடு வருகிறது, ஆனால் அந்தச் சூடு பெல்லட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். நான் முதலில் சந்தேகப்படுவது காற்றை. அதற்கு அடுத்தது கிண்ணம் உட்கார்ந்திருக்கும் விதம். பெல்லட்டின் தரம் மூன்றாவது.

மேலே போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பற்றாமல் அணைந்த அடுப்பை அப்படியே மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிண்ணத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கும், அதன்மேல் இன்னொரு குவியல் விழும். அத்தனையும் தீயில்லாமல் கனிந்து புகையும்போது அடுப்பின் எரியும் அறைக்குள் நிறைவது எரியக்கூடிய வாயு. அது திடீரென்று ஒரே நொடியில் பற்றினால் 'டம்' என்ற சத்தத்தோடு கதவுக் கண்ணாடியே உடையலாம். உள்ளே வெள்ளைப் புகை அடைத்துக்கொண்டு நிற்கும்போது கதவைத் திறப்பதும் இதே காரணத்தால் ஆபத்துதான். புகை விசிறி தானாக ஓடிப் புகையை வெளியேற்றட்டும். அடுப்பு முழுக்க ஆறியதும் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு மறுமுயற்சி செய்யுங்கள். எடுத்த பெல்லட்டை ஹாப்பரில், அதாவது பெல்லட் நிரப்பி வைக்கும் தொட்டியில், திருப்பிக் கொட்ட வேண்டாம். உள்ளே ஒரு கங்கு ஒளிந்திருந்தால் போதும். மூடியுள்ள தகர வாளியில் போட்டு வெளியே வையுங்கள். சாம்பலை வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் அப்படித்தான். ஆறிவிட்டது போலத் தெரியும் சாம்பலுக்குள் ஒரு நாளுக்கு மேலும் கங்கு உயிரோடு இருக்கும். சாம்பலுக்கென்றே செய்த, உலோகத் தொட்டி வைத்த வேக்குவம் வேண்டும்.

சரி, அடுப்பு எப்படிப் பற்றுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டனை அழுத்தியதும் புகை விசிறி முதலில் ஓடும். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுப்பதால் எரியும் அறைக்குள் அழுத்தம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை வேக்குவம் ஸ்விட்ச் உணர்ந்தால்தான் ஆகர், அதாவது திருகுபோலச் சுழன்று பெல்லட்டைத் தள்ளும் தண்டு, ஓட அனுமதி கிடைக்கும். பிறகு இக்னைட்டர் சூடாகும், முதல் கைப்பிடிப் பெல்லட் கிண்ணத்தில் விழும். இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு: பெரும்பாலான மாடல்களில் இக்னைட்டர் பெல்லட்டைத் தொடுவதே இல்லை. அது ஒரு சின்னக் குழாய்க்குள் இருக்கும். அந்தக் குழாய் வழியே இழுக்கப்படும் காற்று குச்சியை உரசிச் சூடாகி, கிண்ணத்தின் ஓட்டை வழியாகப் பெல்லட்மேல் பாயும். பற்றவைப்பது அந்தச் சூடான காற்றுதான். விறகடுப்பில் கங்கை வைத்து ஊதுகுழலால் ஊதுகிறோமே, அதே வேலை. ஊதுவது நின்றால் கங்கு எவ்வளவு சிவந்திருந்தும் தீ எழும்பாது.

பெல்லட் விழுந்து சில நிமிடங்களில் புகை கிளம்பும், அதற்கடுத்த சில நிமிடங்களில் தீ எழும்பும். மாடலைப் பொறுத்து எல்லாம் சேர்த்து 3 முதல் 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு புகை வெளியேறும் பாதையில் இருக்கும் சென்சார் வெப்பம் ஏறியதை உணர்ந்து, 'தீ பிடித்துவிட்டது' என்று அடுப்பை இயக்கும் மின்னணு போர்டுக்குத் தெரிவிக்கும். 10, 15 நிமிடம், சில மாடல்களில் 20 நிமிடம் காத்திருந்தும் அந்தச் செய்தி வராவிட்டால் போர்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

ஆகவே எந்தத் திருகையும் கழற்றுவதற்கு முன், கண்ணாடி வழியாக ஒரு முழுத் தொடக்கத்தைக் கடிகாரத்தோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த நிமிடத்தில் பெல்லட் விழுந்தது, எப்போது புகை வந்தது, தீ வந்ததா, வந்தபின் அணைந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, சுவர் பிளக்குக்கும் அடுப்பின் வயருக்கும் நடுவில் செருகுகிற சின்ன வாட் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அதிக விலையில்லை, எதையும் பிரிக்கவும் வேண்டாம். விசிறிகளும் ஆகர் மோட்டாரும் ஓடும்போது பொதுவாக 100 வாட்டுக்குள்தான் காட்டும். இக்னைட்டர் சேர்ந்தால் அதன்மேல் 250 முதல் 400 வாட் வரை ஏறும். தொடக்கத்தில் இந்த ஏற்றம் தெரிந்தால் இக்னைட்டருக்கு மின்சாரம் போகிறது, அது சூடாகிறது என்பது உறுதி. உங்கள் அடுப்பில் இப்படித்தான் தெரியும் என்று நினைக்கிறேன். ஏற்றமே இல்லையென்றால் மட்டும் இக்னைட்டர், அதன் வயர், போர்டு ஆகிய மூன்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

இன்னொரு பிரித்துப் பார்க்கும் வழி, கையால் பற்றவைப்பது. உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். பெல்லட் அடுப்புக்கென்றே விற்கும் ஜெல்லைக் கைப்பிடிப் பெல்லட்டோடு கலந்து கிண்ணத்தில் வைத்து, நீளத் தீக்குச்சியால் பற்றவைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கிட்டே வரக் கூடாது. எரியத் தொடங்கிய தீயின்மேல் மறுபடி ஜெல் ஊற்றவும் கூடாது. இப்படிப் பற்றவைத்தபின் மணிக்கணக்கில் அழகாக எரிந்தால் உங்கள் குறை இக்னைட்டர் குழாய்க்கும் கிண்ண ஓட்டைக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. கையால் பற்றவைத்தும் தீ சோம்பேறித்தனமாக, ஆரஞ்சு நிறத்தில் கரும்புகையோடு ஆடினால் காற்று போதவில்லை. நன்றாக எரியும்போதே அடுப்பு தானாக அணைந்தால் சென்சார் பக்கம் போங்கள்.

இப்போது காற்று. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் பிரச்சினை இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். எல்லா ஓட்டை வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா? சாம்பல் உருகிக் கண்ணாடிபோல இறுகிய கட்டி அடியில் ஒட்டியிருந்தால் உளியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஓட்டைகளைப் பொருத்தமான அளவு கம்பியால் குத்திவிடுங்கள், ஆனால் பெரிதாக்கிவிடக் கூடாது. இக்னைட்டருக்கு நேராக இருக்கும் ஓட்டையைத் தனியாகப் பாருங்கள். அது பாதி அடைந்தாலே 'சில நாள் பற்றும், சில நாள் பற்றாது' என்ற நிலை வந்துவிடும். அடுத்து கிண்ணம் உட்காரும் இடம். அங்கே நாலைந்து சாம்பல் பொடியோ ஒரு பெல்லட் துண்டோ கிடந்தால் கிண்ணம் ஒரு தாள் அளவுக்குத் தூக்கி நிற்கும். கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். ஓட்டைகளுக்குள் புகாமல் அந்த இடுக்கு வழியாக நழுவிவிடும். துடைத்த அன்று நன்றாகப் பற்றி, மறுநாள் பற்றாமல் போவதற்கும், சில சமயம் துடைத்த அன்றே பற்றாமல் போவதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். சில கிண்ணங்களைத் திருப்பிப் போட்டாலும் உள்ளே உட்கார்ந்துகொள்ளும், ஓட்டை மட்டும் இக்னைட்டருக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கிண்ணத்தை எடுத்தபின் தெரியும் இக்னைட்டர் குழாய்க்குள் எட்டிப் பாருங்கள். உதிர்ந்த சாம்பல் அதற்குள் போய்ச் சேருவது சகஜம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆறிய அடுப்பில், மெல்லிய முனை வைத்த சாம்பல் வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். நீங்கள் புது இக்னைட்டர் போட்டிருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன்: குச்சியின் முனை பழையதன் முனை இருந்த இடத்திலேயே நிற்கிறதா? பொது வகை இக்னைட்டர்கள் சில மில்லிமீட்டர் குட்டையாகவோ ஒல்லியாகவோ வருவதுண்டு. முனை உள்ளே தள்ளி நின்றால் காற்று போகிற வழியிலேயே சூட்டை இழந்துவிடும். அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கிண்ணத்தில் இடித்து, கிண்ணத்தையே தூக்கிவிடும்.

கதவைச் சுற்றிக் காற்று நுழையாமல் அடைக்கும் கயிறு கேஸ்கெட்டைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் செத்துவிட்டது. நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள், சாம்பல் தட்டு கதவையும் மறக்காதீர்கள். நிறையப் பேர் பெரிய கதவை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுவார்கள். அப்புறம் காற்று உள்ளே வரும் குழாயின் வாயில் இருக்கும் வலை. தூசியும் செல்லப்பிராணியின் முடியும் அதில் கம்பளிபோலப் படியும். வெளியே இருக்கும் முனையில் பூச்சி கூடு கட்டும், கோடையெல்லாம் சும்மா நின்ற அடுப்பில் இது மிகவும் சாதாரணம்.

புகை போகும் பக்கம் கொஞ்சம் அழுக்கான வேலை. புகை விசிறியின் இறக்கைகளில் கரி படிந்தால் சத்தம் அதேபோலத்தான் கேட்கும், இழுக்கும் பலம் மட்டும் குறைந்துபோகும். விசிறிக்கு முன்னால் இருக்கும் மறைவான சாம்பல் அறைகள், செங்கல்போல் செய்த பின்தகட்டுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி, புகைக்குழாயின் வளைவில் இருக்கும் துப்புரவு மூடி எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். எங்கெங்கே மூடி இருக்கிறது என்பதைக் கையேட்டில் தேடித்தான் ஆகவேண்டும், மாடலுக்கு மாடல் மாறும். விசிறியைக் கழற்றினால் அதன் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் அது அறைக்குள் புகையைத் தள்ளும். அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், இந்தக் குறையைத் தேடுவதற்கு முன்பே அதை வாங்கி மாட்டிவிடுங்கள்.

வேக்குவம் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தாலோ, அது செருகியிருக்கும் முனை சாம்பலால் அடைத்திருந்தாலோ ஆகரே ஓடாது. உங்களுக்குப் பெல்லட் விழுகிறது, எனவே இது உங்கள் கதையல்ல. ஆனால் பெல்லட்டே விழவில்லை என்று தேடி வருபவர்கள் முதலில் இங்கே பாருங்கள். அடைப்பை எடுக்கும்போது குழாயை ஸ்விட்சிலிருந்து கழற்றிவிட்டு ஊதுங்கள், ஸ்விட்சுக்குள் ஊதினால் அதன் மெல்லிய சவ்வு கிழியும். இரண்டு வயரையும் நேரடியாக இணைத்து ஸ்விட்சைத் தாண்டி ஓட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். புகைவழி அடைத்திருந்தாலும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்படி செய்கிற காரியம் அது. வேண்டவே வேண்டாம்.

பெல்லட்டுக்கு வருவோம். நல்ல பெல்லட் வழவழப்பாக, கொஞ்சம் பளபளப்பாக இருக்கும், ஒடித்தால் 'டக்' என்று ஒடியும். ஈரம் ஏறியது உப்பி, மங்கலாகி, விரல் நுனியில் பொடியும். ஐரோப்பியத் தரக்குறியான ஈஎன்பிளஸ் ஏ1 வகையில் ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூட்டையைச் சிமெண்ட் தரையில் நேராக அடுக்கினால் பிளாஸ்டிக் பையின் ஊசி ஓட்டைகள் வழியாகவே ஈரம் ஏறும், பலகைமேல் வையுங்கள். ஒரு முறை உப்பிய பெல்லட்டைக் காயவைத்துப் பயனில்லை. ஹாப்பரின் அடியில் சேரும் மரத்தூளும் தொல்லைதான். ஹாப்பர் கிட்டத்தட்டக் காலியாகும் நாட்களில்தான் பற்றுவதில்லை என்று கவனித்தால் தூளைச் சந்தேகப்படுங்கள். அது கிண்ணத்தில் மெத்தைபோல் படிந்து காற்றை மறித்துவிடும்.

முதல் குவியலின் அளவும் முக்கியம். இக்னைட்டர் ஓட்டையை மூடும் அளவுக்கு விழ வேண்டும், கிண்ணம் வழிய விழக் கூடாது. வேறு பிராண்டுக்கு மாறினால் இந்த அளவு மாறும். நீளமான பெல்லட் ஆகருக்குள் அடர்த்தியாக நிரம்பாது, அதனால் அதே நேரத்தில் குறைவாக விழும், குட்டையானது அதிகம் விழும். பிராண்டு மாற்றிய மூட்டையிலிருந்துதான் பிரச்சினை தொடங்கியது என்றால், பழையதில் ஒரு மூட்டை வாங்கிப் பார்ப்பதைவிட மலிவான சோதனை வேறில்லை. ஹாப்பர் முழுவதும் காலியாகி மறுபடி நிரப்பியிருந்தால் ஆகர் குழாய் நிரம்பவே சில நிமிடம் ஆகும். அப்போது முதல் முயற்சி தோற்பது குறையே அல்ல.

வாட் மீட்டரில் ஏற்றம் தெரியாதவர்களுக்காக இக்னைட்டரை அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பிளக்கைக் கழற்றி, இக்னைட்டரின் இரண்டு வயரையும் விடுவித்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வரவேண்டிய எண் கிடைக்கும். 230 வோல்ட், 300 வாட் என்றால் சுமார் 176 ஓம். 120 வோல்ட், 300 வாட் என்றால் 48 ஓம். ஆறிய நிலையில் கொஞ்சம் முன்பின் காட்டும், அது பரவாயில்லை. முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பிறகு ஒரு முனைக்கும் வெளி உலோக உறைக்கும் இடையே அளந்து பாருங்கள், எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால் கசிகிறது. அடுப்பைப் போட்டதும் வீட்டு மின்சாரம் டிரிப் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பீங்கான் வகை இக்னைட்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது ஆறிய நிலையில் வேறு எண் காட்டும். சீக்கிரம் பற்றவைக்கும், ஆனால் தட்டினால் உடையும். எண்ணெல்லாம் சரியாக இருந்தும் சூடு வராவிட்டால், வயர் சேரும் இடத்திலுள்ள செருகியைப் பாருங்கள். சூட்டில் கறுத்துத் தளர்ந்திருக்கும். விட்டு விட்டு வேலை செய்யும் இக்னைட்டர் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தத் தளர்ந்த செருகிதான்.

தீ நன்றாக எழும்பிய பின்னும் அடுப்பு 'பற்றவில்லை' என்று அணைத்துக்கொண்டால் புகைப்பாதை சென்சாரில் சாம்பல் படிந்திருக்கலாம், அல்லது அதன் திருகு தளர்ந்து உலோகத்தைத் தொடாமல் நிற்கலாம். சில மாடல்களில் அது சுமார் 45 டிகிரி செல்சியஸில் மூடிக்கொள்ளும் சின்ன வட்ட ஸ்விட்ச், மற்றவற்றில் மெல்லிய குச்சி. துடைத்து இறுக்கியும் சரியாகாவிட்டால் மாற்றிவிடுங்கள், மலிவான பொருள்தான்.

கடைசியாக அந்த வாட் மீட்டரைக் கொஞ்ச நாள் அங்கேயே விட்டுவையுங்கள். தீ நிலைத்தபின் வாட் இறங்க வேண்டும். இறங்காமல் அப்படியே நின்றால் போர்டில் இக்னைட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே என்ற ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு, இக்னைட்டர் நாள் முழுவதும் எரிகிறது. அப்படியானால் நீங்கள் போட்ட புது இக்னைட்டரும் சில வாரங்களில் போய்விடும். அப்போது டெக்னீஷியனைக் கூப்பிட்டு, இன்னொரு இக்னைட்டரை விற்க விடாமல், போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிலே ஒழுங்காக இருந்தும் இக்னைட்டர் அடிக்கடி போகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அரை டிகிரி வித்தியாசத்துக்கே அணைந்து எரியும்படி வைத்திருந்தால் ஒரு நாளில் பல தடவை குளிர்நிலையிலிருந்து பற்றவைக்க வேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்தை 2 டிகிரி ஆக்குங்கள், அல்லது அணையாமல் குறைந்த தீயில் ஓடும் முறைக்கு மாற்றுங்கள்.